முதல் பிக்கின் விலை என்ன? என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் நடக்கும் பேரம்

2023 மார்ச்சில் கரோலினா பாந்தர்ஸ் அணி சிகாகோ பேர்ஸ் அணியிடமிருந்து ஓர் உரிமையை வாங்கியது. இரண்டும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடும் அணிகள். அந்த ஆண்டு கல்லூரிகளிலிருந்து வரும் வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அது. அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்ட்டுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அந்த உரிமைக்காகக் கரோலினா கொடுத்தவை: அதே ஆண்டின் 9-வது பிக் (ஒன்பதாவதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை), 61-வது பிக், 2024-இன் முதல் ரவுண்டு பிக், 2025-இன் இரண்டாம் ரவுண்டு பிக். போதாததற்கு, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் தன் சிறந்தவரான டி.ஜே. மூரையும் சேர்த்து அனுப்பியது.

ஏப்ரலில் அந்த முதல் பிக்கில் பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை, எடுத்தார்கள். அதற்கு அடுத்த பிக்கில் ஹூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுட்தான் அந்த சீசனின் சிறந்த தாக்குதல் புதுமுகம் என்ற விருதை வாங்கினார். கரோலினா 17 ஆட்டங்களில் 2 மட்டும் வென்று அட்டவணையின் அடியில் போய் உட்கார்ந்தது. அடியில் இருக்கும் அணிக்கு அடுத்த ஆண்டின் முதல் பிக் கிடைக்கும். கிடைத்தது, ஆனால் அது ஏற்கெனவே சிகாகோவுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது.

முட்டாள்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் இந்த மாதிரி பேரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துகொண்டேதான் இருக்கின்றன. செய்பவர்கள் விவரம் தெரியாதவர்களும் இல்லை. ஒவ்வொரு அணியிலும் ஆண்டு முழுக்கக் கல்லூரி மைதானங்களைச் சுற்றி வரும் ஸ்கவுட்டுகள், புள்ளிவிவர நிபுணர்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் ஏன் இப்படி? அவர்கள் எதை வைத்து விலை பேசுகிறார்கள் என்று பார்த்தால் ஓரளவு புரியும்.

வரிசைதான் சொத்து

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் முதலில் கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு வீரர். டிராஃப்ட்டில் பணத்துக்கு வேலையே இல்லை. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்வு செய்யும், சாம்பியன் அணி கடைசியில். 32 அணிகள், 7 ரவுண்டுகள்; ஒரு ரவுண்டில் ஓர் அணிக்கு ஒரு முறை. ஓர் அணி ஒரு வீரரை எடுத்துவிட்டால் அவர் வேறு அணியுடன் சம்பளம் பேச முடியாது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு. சம்பளமும் எத்தனையாவது பிக் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே முடிவானதுதான். முதல் ரவுண்டில் எடுத்தவரை மட்டும் ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு.

பணம் பேசாத இடத்தில் வரிசைதான் பேசும். அந்த வரிசையை அணிகள் தங்களுக்குள் விற்கலாம், வாங்கலாம், இன்னும் வராத ஆண்டுகளின் பிக்கையும் முன்கூட்டியே கொடுக்கலாம். பிக் என்பதே ஒரு நாணயம் போலப் புழங்குகிறது.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல். 1930-களில் அவருடைய பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் தோற்றுக்கொண்டே இருந்த அணி. நல்ல கல்லூரி வீரர்களைப் பணக்கார அணிகள் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, தோற்றவர் முதலில் எடுக்கட்டும் என்று 1935-இல் யோசனை சொன்னார். 1936 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் 9 அணிகளோடு முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பிக் பெல்லின் அணிக்கே. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை எடுத்தார்கள். பெர்வாங்கர் கேட்ட சம்பளத்தைக் கொடுக்க பெல்லிடம் பணம் இல்லை. உரிமையைச் சிகாகோ பேர்ஸுக்குக் கைமாற்றினார். அங்கேயும் சம்பளம் படியவில்லை. பெர்வாங்கர் என்.எஃப்.எல்.-இல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆக, வரலாற்றின் முதல் பிக்கே டிரேடில் போய், பிரயோஜனமும் இல்லாமல் போனது.

ஒரு டல்லஸ் அட்டவணை

அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பேரங்கள் குத்துமதிப்பாகவே நடந்தன. 12-வது பிக்கிலிருந்து 5-வதுக்கு ஏற என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். இதை எண்ணாக மாற்றியது டல்லஸ் கவ்பாய்ஸ்.

1989 அக்டோபரில் டல்லஸ் தன் நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்தது. அந்த சீசனில் டல்லஸ் 16 ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. அணியில் பெயர் சொல்ல இருந்தவரும் வாக்கர்தான். புதிதாக வந்திருந்த கோச் ஜிம்மி ஜான்சன் அவரையே விற்றார். பதிலுக்கு மினசோட்டா ஐந்து வீரர்களையும் பல பிக்குகளையும் தந்தது. ஒப்பந்தத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. வந்த வீரர்களோடு நிபந்தனை பிக்குகள் கட்டப்பட்டிருந்தன: குறிப்பிட்ட தேதிக்குள் டல்லஸ் ஒரு வீரரை நீக்கினால், அவரோடு சேர்ந்த பிக் டல்லஸுக்கு வந்துவிடும். வீரர்களைத்தான் டல்லஸ் வைத்துக்கொள்ளும் என்பது மினசோட்டாவின் நினைப்பு. ஜான்சனின் கண் ஆரம்பத்திலிருந்தே பிக்குகள் மேல்.

அந்த பிக்குகளையும் அவற்றை மாற்றி வாங்கிய பிக்குகளையும் வைத்துத்தான் எம்மிட் ஸ்மித், ரசல் மேரிலாண்ட், டேரன் உட்ஸன் எல்லாம் வந்தார்கள். 1992, 1993, 1995 சீசன்களில் டல்லஸ் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்றது. ஸ்மித் பந்தோடு ஓடிய 18,355 கஜம் இன்றும் முறியடிக்கப்படாத சாதனை.

கை நிறைய பிக் இருந்தால் தினமும் யாராவது பேரத்துக்குக் கூப்பிடுவார்கள். சட்டென்று பதில் சொல்ல ஒரு கருவி வேண்டும். அணியில் சிறு பங்கு வைத்திருந்தவரும், எண்ணெய்த் தொழிலில் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸின் கூட்டாளியுமான மைக் மெக்காய் என்ற பொறியாளர், முந்தைய சில ஆண்டுகளில் நடந்த டிரேடுகளை எடுத்து வைத்து ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு புள்ளி போட்டார். முதல் பிக் 3,000. இரண்டாவது 2,600. ஐந்தாவது 1,700. பத்தாவது 1,300. பதினாறாவது 1,000. முப்பத்திரண்டாவது 590. அறுபத்து நான்காவதுக்கு வரும்போது 270. ஜிம்மி ஜான்சன் அட்டவணை என்று பெயர் நிலைத்துவிட்டது. மெக்காயை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஜான்சனின் உதவியாளர்கள் வேறு அணிகளுக்குத் தலைமைக் கோச்சாகப் போனபோது தாளும் கூடவே போனது. சில ஆண்டுகளில் லீக் முழுக்க அதே மொழியில் பேச ஆரம்பித்தது.

எப்படிப் பயன்படும் என்பதற்கு ஒரு கணக்கு. 2017-இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27-வது இடத்தில் இருந்தது. பத்தாவது பிக் பஃபலோவிடம். பத்தாவதின் மதிப்பு 1,300. கன்சாஸ் சிட்டி கொடுத்த 27-வது பிக் 680, 91-வது பிக் 136. கூட்டினால் 816; இன்னும் 484 குறைகிறது. அதை நிரப்ப 2018-இன் முதல் ரவுண்டு பிக்கைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டின் பிக்கை ஒரு ரவுண்டு தள்ளி மதிப்பிடுவது வழக்கம், அதாவது அடுத்த ஆண்டின் முதல் ரவுண்டு இந்த ஆண்டின் இரண்டாம் ரவுண்டுக்குச் சமம். இரண்டாம் ரவுண்டின் நடுவில் ஒரு பிக் 420 புள்ளி. தராசு ஏறக்குறைய நேராக நின்றுவிட்டது. வாங்கிய பத்தாவது பிக்கில் அவர்கள் எடுத்தது பேட்ரிக் மஹோம்ஸை. அதன் பிறகு மூன்று சூப்பர் பௌல் கோப்பைகள்.

இந்த அட்டவணையில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். மெக்காய் அளந்தது, அணிகள் கடந்த காலத்தில் எவ்வளவு கொடுத்தன என்பதை. எடுக்கப்பட்ட வீரர்கள் பின்னால் எப்படி ஆடினார்கள் என்று அவர் பார்க்கவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. சந்தை விலையை எழுதி வைத்தார். பிற்பாடு எல்லோரும் அந்தச் சந்தை விலையையே மதிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பொருளாதாரக்காரர்கள் கேட்ட கேள்வி

பொருளின் உண்மையான மதிப்பு என்ன என்று கேட்டவர்கள் இரண்டு கல்வியாளர்கள்: கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர். தேலர் பின்னால், 2017-இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். இவர்கள் 2005-இல் சுற்றுக்கு விட்ட ஆய்வு 2013-இல் அச்சேறியது.

அவர்கள் பார்த்தது மிச்சத்தை. என்.எஃப்.எல்.-இல் ஓர் அணி மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 1994-இல் 3.46 கோடி டாலரில் தொடங்கி 2025-இல் 27.92 கோடி டாலருக்கு வந்திருக்கிறது. பணக்கார உரிமையாளரும் இதைத் தாண்ட முடியாது. அதனால் நல்ல வீரர் கிடைத்தால் மட்டும் போதாது, மலிவாகக் கிடைக்க வேண்டும். ஒரு வீரரின் ஆட்டத்தை வெளிச்சந்தையில் வாங்கினால் என்ன விலை ஆகுமோ, அதிலிருந்து அவருக்குக் கொடுக்கும் புதுமுகச் சம்பளத்தைக் கழித்தால் வருவதுதான் அணிக்கு லாபம்.

அப்படிக் கழித்துப் பார்த்தபோது படம் தலைகீழானது. முதல் பிக்கில் வருபவர் சராசரியாக நல்ல வீரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு அந்தக் காலத்தில் கொடுத்த சம்பளமும் மிகப் பெரியது, அதனால் மிஞ்சியது குறைவு. லாபம் அதிகம் நின்ற இடம் இரண்டாம் ரவுண்டின் தொடக்கத்தை ஒட்டி இருந்தது. டல்லஸ் அட்டவணைப்படி 32-வது பிக் ஐந்தைக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு முதல் பிக் வாங்கலாம். இவர்கள் கணக்குப்படி அந்த ஐந்தை வைத்திருப்பவர்தான் புத்திசாலி.

இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இதைவிடப் பிடித்தது. ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரை அடுத்தடுத்து எடுக்கிறார்கள் என்று வையுங்கள், முதலில் ஒரு ரிசீவர், அப்புறம் இன்னொரு ரிசீவர். முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னால் எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக வருவதற்கான வாய்ப்பு 52 சதவீதம். காசு சுண்டினால் 50. இத்தனை ஸ்கவுட்டுகள், இண்டியானாபொலிஸில் நடக்கும் உடற்தகுதிச் சோதனைகள், 40 கஜ ஓட்டத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளப்பது எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் அனுகூலம் அந்த 2. ஸ்கவுட்டுகள் வேலை தெரியாதவர்கள் என்பது இதன் அர்த்தம் இல்லை. நூறு பேரிலிருந்து பத்து பேரைப் பிரித்தெடுக்க அவர்களால் முடிகிறது. அந்தப் பத்தில் இவன்தான் என்று விரல் நீட்டுவது வேறு வேலை, அதில் யாருக்கும் பெரிய தேர்ச்சி இல்லை. டிரேடில் மேலே ஏறுகிறவர் கொடுக்கும் விலையோ, விரல் நீட்டத் தெரியும் என்ற நம்பிக்கைக்கான விலை.

ஆய்வு வெளிவந்த பிறகு ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. 2010-இன் முதல் பிக்கான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம், 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி எது நடந்தாலும் கொடுத்தாக வேண்டிய பணம். அடுத்த ஆண்டு வீரர்கள் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் புது ஒப்பந்தம் வந்தது. புதுமுகச் சம்பளத்தைப் பிடித்துக் கட்டினார்கள். 2011-இன் முதல் பிக்கான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி. ஓராண்டுக்குள் முதல் பிக் அவ்வளவு மலிவாகிவிட்டது, அதனால் அணிக்கு மிஞ்சுவதும் ஏறியது. மாஸியும் தேலரும் காட்டிய கோணல் முழுதாக நிமிர்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஜேசன் ஃபிட்ஜெரால்டும் பிராட் ஸ்பீல்பெர்கரும் வீரர்களின் இரண்டாம் ஒப்பந்தத் தொகையை வைத்துப் புதிய அட்டவணை ஒன்று போட்டார்கள். அதிலும் முதல் பிக் 3,000தான், ஆனால் சரிவு மிக மெதுவானது. டல்லஸ் தாளில் மலைச்சரிவு போல இறங்குவது இதில் மெல்லத்தான் இறங்குகிறது. பல அணிகள் இப்போது சொந்தமாக அட்டவணை வைத்திருக்கின்றன. இருந்தும் தொலைபேசியில் பேரம் பேசும்போது பழைய தாளின் எண்கள் இன்னும் காதில் விழுகின்றன. காரணம் எளிது என்று நினைக்கிறேன்: அட்டவணைப்படிதான் கொடுத்தோம் என்று சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

குவார்ட்டர்பேக் என்ற விதிவிலக்கு

சரி, அப்படியென்றால் எப்போதும் கீழே இறங்கி பிக்குகளைப் பெருக்குவதுதானே வழி? குவார்ட்டர்பேக் ஒருவர் இல்லாவிட்டால் அப்படியே சொல்லிவிடலாம். பந்து ஒவ்வொரு முறையும் அவர் கைக்குத்தான் வருகிறது. நிலைத்த குவார்ட்டர்பேக்கின் சந்தை விலை என்ன தெரியுமா? 2024-இல் டல்லஸ் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அந்த ஆண்டின் அணி உச்சவரம்பு 25.54 கோடி. அதே வேலையைப் புதுமுகச் சம்பளத்தில் செய்ய ஒருவர் கிடைத்தால், மிச்சமாகும் பணத்தில் நான்கைந்து நட்சத்திரங்களை வாங்கலாம்.

இதனால்தான் காசு சுண்டுவதைவிட 2 சதவீதம்தான் கூடுதல் வாய்ப்பு என்று தெரிந்தும் அணிகள் பாய்கின்றன. பாய்ச்சல் எப்படியெல்லாம் முடியும் என்பதற்கு சான்ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் ஒன்றே போதும். 2021-இல் 12-வது இடத்திலிருந்து 3-வது இடத்துக்கு ஏறினார்கள். மயாமிக்குக் கொடுத்தது அந்த 12-வது பிக், 2022, 2023 இரண்டு ஆண்டுகளின் முதல் ரவுண்டு பிக்குகள், 2022-இல் ஒரு மூன்றாம் ரவுண்டு பிக். எடுத்தது ட்ரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை. அவர் அந்த அணிக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நான்கே ஆட்டங்கள். 2023-இல் ஒரு நான்காம் ரவுண்டு பிக்குக்கு அவரை டல்லஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கைவிட்ட 12-வது பிக் என்ன ஆனது? மயாமியிடமிருந்து பிலடெல்ஃபியாவுக்குப் போய், அங்கிருந்து டல்லஸுக்கு வந்தது. டல்லஸ் அதில் மைக்கா பார்சன்ஸை எடுத்தது. தடுப்பாட்டத்தில் லீக்கின் ஆகச் சிறந்தவர்களில் ஒருவர் ஆனார் அவர்.

ஃபார்ட்டி நைனர்ஸ் அதோடு மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கவில்லை. 2022 டிராஃப்ட்டின் கடைசி பிக், 262-வது, அவர்களுடையது. அதில் போனால் போகிறது என்று எடுத்த பிராக் பர்டி என்ற குவார்ட்டர்பேக், 2023 சீசனில் அணியைச் சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். அந்த ஆண்டில் அவருடைய சம்பளம் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. 2025-இல் அவருக்கு ஐந்து ஆண்டுக்கு 26.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. மலிவுக்காலம் அதோடு முடிந்தது. மூன்று முதல் ரவுண்டு பிக் கொடுத்து வாங்கியவர் வெறுமனே போக, யாரும் வேண்டாம் என்றவர் அணியைத் தூக்கி நிறுத்தியதை எந்த அட்டவணையாலும் விளக்க முடியாது. 52 சதவீதம் என்றால் நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

மற்ற இடங்களுக்கும் இதே கழித்தல்தான். ஒரே பிக்கில் எந்த இடத்து வீரரை எடுத்தாலும் சம்பளம் ஒன்றுதான். எனவே வெளிச்சந்தையில் எந்த இடம் விலை அதிகமோ அந்த இடத்து வீரரை எடுத்தால் மிச்சம் அதிகம். எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர், தன் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிள், ரிசீவர் எல்லாம் மேலே. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கீழே, ஏனென்றால் சந்தையில் அவருக்கு விலை குறைவு, உடம்பும் சீக்கிரம் தேயும். 2018-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் இரண்டாவது பிக்கில் சேக்வான் பார்க்லியை எடுத்தபோது விமர்சனம் வந்தது இதனால்தான். பார்க்லி நன்றாகவே ஆடினார். ஆனாலும் ஆறு சீசன் கழித்து அவரைப் போக விட்டார்கள். அவர் பிலடெல்ஃபியாவுக்குப் போய் 2024-இல் 2,005 கஜம் ஓடி சூப்பர் பௌலும் வென்றார். கணக்கும் சரி, ஆளும் சரி. எடுத்த இடம்தான் சரியில்லை.

அறைக்குள்

டிராஃப்ட் நாளில் ஒவ்வொரு அணியின் அறையிலும் சுவர் நிறையப் பெயர்கள் இருக்கும். மதிப்பெண் வரிசையில் மேலிருந்து கீழாக, இடவாரியாகப் பிரித்து. பார்க்க வேண்டியது பெயர்களை விட, அவற்றுக்கு நடுவில் விழும் இடைவெளிகளை. உங்கள் முறை வரும்போது ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணில் ஐந்து பேர் மிச்சம் இருந்தால், நான்கு இடம் கீழே இறங்கினாலும் அதில் ஒருவர் கிடைப்பார். இறங்குவதற்குக் கூலியாக ஒரு பிக்கும் கிடைக்கும். ஒரே ஒருவர் மட்டும் தனியாக மேலே தொங்கினால் அவரை விட்டுவிட்டு இறங்குவது முட்டாள்தனம். ஏறுவதா இறங்குவதா என்ற முடிவு பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

நேரம் குறைவு. இரண்டு அணிகளும் பேசி முடித்து, இருவருமே லீக்கிடம் சொன்னால்தான் டிரேடு செல்லும். 2003-இல் முதல் ரவுண்டில் ஓர் அணிக்குப் பதினைந்து நிமிடம். ஏழாவது பிக்கை வைத்திருந்த மினசோட்டா, பால்டிமோரோடு பேசிக்கொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று மினசோட்டா நினைக்க, லீக்குக்கு உறுதி போய்ச் சேரவில்லை. கடிகாரம் ஓடி முடிந்தது. நேரம் கடந்தால் அடுத்த அணி முந்திக்கொள்ளலாம். ஜாக்சன்வில் பாய்ந்து பால்டிமோர் குறிவைத்திருந்த பைரன் லெஃப்ட்விச்சை எடுத்தது, கரோலினாவும் முந்திக்கொண்டது. மினசோட்டா ஒன்பதாவதாக கெவின் வில்லியம்ஸ் பெயரைக் கொடுத்தது. நாடே சிரித்தது. அந்த வில்லியம்ஸ் பல ஆண்டுகள் லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராக இருந்தார். பால்டிமோரும் பத்தாவதில் டெரல் சக்ஸை எடுத்துப் பிழைத்துக்கொண்டது.

சில விலைகளுக்குக் காரணம் விதிமுறையில் இருக்கிறது. 32-வது பிக்குக்கும் 33-வதுக்கும் வீரர் தரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் 32 முதல் ரவுண்டு, ஐந்தாவது ஆண்டு உரிமை அதோடு வரும். 2018-இல் பால்டிமோர் பிலடெல்ஃபியாவிடம் 32-வது பிக்கை வாங்கி லாமார் ஜாக்சனை எடுத்தது. குவார்ட்டர்பேக்கை இன்னும் ஓராண்டு மலிவாக வைத்திருப்பது என்றால் கோடிக்கணக்கில் மிச்சம்.

அடகுச்சீட்டு யார் கையில்?

எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது எதிர்கால பிக்கின் விலை. அடுத்த ஆண்டின் முதல் ரவுண்டு பிக்கை இந்த ஆண்டின் இரண்டாம் ரவுண்டாகக் கணக்கிடும் வழக்கம் மேலே வந்தது. மாஸியும் தேலரும் இதை வட்டியாக மாற்றிப் பார்த்தார்கள். ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கும் மேல் வந்தது. எந்த அடகுக்கடையிலும் கேள்விப்படாத வட்டி. அணி என்பது நிரந்தரமானது, பத்தாண்டு கழித்தும் அங்கேயேதான் இருக்கும். அப்படி ஒன்று இந்த வட்டிக்கு ஏன் கடன் வாங்க வேண்டும்?

அணி நிரந்தரம். முடிவெடுக்கும் பொது மேலாளரும் கோச்சும் அப்படியில்லை. இந்த சீசனில் தோற்றால் அவர்களுக்கு வேலை போகும். அடுத்த ஆண்டின் பிக் யாரோ ஒருவருக்குப் பயன்படப் போகும் பிக். அதைக் கொடுத்து இன்று ஒரு ஆளை வாங்கினால் தப்பிக்க ஒரு வழியாவது கிடைக்கும்.

வரலாற்றைப் புரட்டினால் இது திரும்பத் திரும்ப வருகிறது. 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் கோச் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ரன்னிங் பேக்குக்காக 12-வது இடத்திலிருந்து 5-வதுக்கு ஏறினார். டல்லஸ் அட்டவணையில் இடைவெளி 500 புள்ளி. அதற்காக அந்த ஆண்டில் கையிலிருந்த எல்லா பிக்குகளையும், அடுத்த ஆண்டின் முதல், மூன்றாம் ரவுண்டு பிக்குகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்தார். அணி 3 வெற்றி, 13 தோல்வி. டிட்கா நீக்கப்பட்டார். கொடுத்த பிக் இரண்டாவது பிக்காக மாறி வாஷிங்டனுக்குப் போனது.

2012-இல் அதே வாஷிங்டன் மறுபக்கம் உட்கார்ந்தது. ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்குக்காக 6-வதிலிருந்து 2-வதுக்கு ஏற, அந்த ஆண்டின் 39-வது பிக்கையும் 2013, 2014 முதல் ரவுண்டு பிக்குகளையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குக் கொடுத்தது. முதல் சீசன் பிரமாதம், புதுமுக விருதும் வந்தது. பிளே-ஆஃப் ஆட்டத்தில் முழங்கால் போனது, பழைய கிரிஃபின் திரும்பவே இல்லை. 2013-இல் 3 வெற்றி, 13 தோல்வி. கோச் மைக் ஷானஹான் நீக்கப்பட்டார். 2014-இன் இரண்டாவது பிக் ராம்ஸுக்குப் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனுக்கு ஆடப் போன ராம்ஸ், டாஸ் போட அனுப்பியது இந்த டிரேடில் கிடைத்த ஆறு வீரர்களை. குசும்புதான். இதில் இன்னொரு வேடிக்கை, கிரிஃபினை எடுத்த அதே டிராஃப்ட்டில் நான்காம் ரவுண்டில் வாஷிங்டன் எடுத்த கர்க் கசின்ஸ்தான் பின்னால் அவருடைய இடத்தைப் பிடித்தார்.

கரோலினா கதையும் அச்சு அசல் இதுவே. டல்லஸ் அட்டவணையில் முதல் பிக் 3,000. கொடுத்த 9-வது, 61-வது சேர்ந்து 1,642. மீதியில் மூருக்கு ஒரு பங்கு, 2025 பிக்குக்கு ஒரு பங்கு, வழக்கப்படி 2024 முதல் ரவுண்டுக்கு நானூற்றுச் சொச்சம். கணக்கு இடிக்கவில்லை. ஆனால் அந்த நானூற்றுச் சொச்சம் ஒரு வருடத்தில் 3,000 ஆகி அடுத்தவன் வீட்டில் நின்றது. கோச் ஃபிராங்க் ரைக் சீசன் முடியும் முன்பே போய்விட்டார். பொது மேலாளர் ஸ்காட் ஃபிட்டரர் 2024 ஜனவரியில் நீக்கப்பட்டார். சிகாகோ அந்தப் பிக்கைப் பயன்படுத்திய ஏப்ரலில், அதை அடகு வைத்த இந்த இருவருமே அந்த அலுவலகத்தில் இல்லை. மஹோம்ஸை எடுத்த கன்சாஸ் சிட்டியின் பொது மேலாளர் ஜான் டோர்சியும் டிராஃப்ட் முடிந்த இரண்டே மாதத்தில் நீக்கப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரியாகச் செய்தாலும் அந்த நாற்காலிக்கு உத்தரவாதம் கிடையாது, அதனால்தான் அவசரம்.

எதிர்காலத்தை விற்பது எப்போதும் நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. 2017 முதல் 2023 வரை ராம்ஸ் முதல் ரவுண்டில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. முதல் ரவுண்டு பிக்குகளில் பெரும்பாலானவற்றை விற்று, நிரூபித்த ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். 2021-இல் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டுக்காக டெட்ராய்ட் லயன்ஸுக்கு 2022, 2023 முதல் ரவுண்டு பிக்குகள், ஒரு மூன்றாம் ரவுண்டு பிக், கூடவே தங்கள் குவார்ட்டர்பேக் ஜாரட் காஃப். காஃபையும் 2016-இல் அவர்கள் முதல் பிக்குக்கு ஏறித்தான் எடுத்திருந்தார்கள். மற்ற இடங்களில் ஆடும் உச்ச வீரர்கள் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள், அவர்கள் வயதாகுமுன் வெல்ல வேண்டும். அந்த நிலையில் இரண்டு ஆண்டு கழித்து வரும் இருபத்திரண்டு வயதுப் பையனால் என்ன பயன்? 2022 பிப்ரவரியில் ராம்ஸ் சூப்பர் பௌல் வென்றது.

டெட்ராய்ட் நிலைமை நேர் எதிர். ஒன்றுமே இல்லாத அணி, அவசரமும் இல்லை. 2022-இல் ராம்ஸ் சரிந்ததால் 2023-இல் வந்த பிக் ஆறாவதாக அமைந்தது. அதை வைத்து ஆறு இடம் கீழே இறங்கி, 12-வதில் ஜாமிர் கிப்ஸையும் கூடுதலாகக் கிடைத்த 34-வதில் சாம் லபோர்ட்டாவையும் எடுத்தார்கள். கூட வந்த சுமை என்று எல்லோரும் நினைத்த காஃப் நிலைத்து நின்றார். 2024 ஜனவரியில் பிளே-ஆஃபில் ராம்ஸ் டெட்ராய்ட் மைதானத்துக்கே வந்தது. ஒரு பக்கம் ஸ்டாஃபோர்டு, மறுபக்கம் காஃப். டெட்ராய்ட் 24, ராம்ஸ் 23.